ரப்பர் கையில் துடிச்ச நரம்பு

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க விட்டுடுங்க. நான் யார் கையையும் புடிச்சு இழுக்கல. நான் ஒரு மிஸ்ஸி, ஆஸ்பத்திரி நர்ஸ். வார்டுல பேயி, காத்து கருப்புன்னு யாராவது ஆரம்பிச்சா, "போய் வேலையப் பாருலா"ன்னு முதல்ல வெரட்டுறது நான்தான்.

இப்போ கிட்னி பேஷண்டுகளப் பாத்துக்கிற மிஸ்ஸிங்களுக்குப் பயிற்சி குடுக்குறேன். ஊசி குத்துறதுக்கு முன்னால மூணு வேலை இருக்கு. மலாய்ல சொல்லிக் குடுப்போம். தெங்கோ, டெங்ஙார், ராசா. பாரு, கேளு, தொட்டு உணரு. நான் முதல் ரெண்டச் சொல்லுவேன். மூணாவதுக்கு வாயத் திறக்க மாட்டேன். கைய மட்டும் வெச்சுக் காட்டுவேன். ஏன் மிஸ், ஏன் மிஸ்னு புள்ளைங்க என் பிராணன வாங்குறாங்க. அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

எனக்கு ஒரே தம்பி, திவாகர். இருபத்தஞ்சு வயசுலயே ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துல மூணு நாளு மெஷின்ல படுத்து ரத்தம் கழுவணும். அதுக்காக இடது கையில ரெண்டு நரம்ப ஆபரேஷன் பண்ணி ஒண்ணா சேர்த்து வெச்சிருந்தாங்க. அந்த இடத்துல விரல வெச்சா உள்ள விர்ர்னு ஓடும். "கைக்குள்ள மோட்டார் ஓடுதுக்கா"ன்னு சிரிப்பான். சிரிக்கிறவனுக்கு ஊசியப் பாத்தா மட்டும் உசுரே போயிடும். மிஸ்ஸிங்க ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிட்டுக் குத்துவாங்க. அந்த எண்றதுதான் அவனுக்குப் பயம். "எண்ணாதீங்க மிஸ்ஸி, சட்டுனு குத்துங்க"ன்னு கெஞ்சுவான்.

அவனுக்காகத்தான் வார்டு வேலைய விட்டுட்டு புக்கிட் காத்தில்ங்கிற ஊர்ல இந்தப் பயிற்சியில சேர்ந்தேன். பாஸ் பண்ணுனா அவன் ரத்தம் கழுவப் போற சென்டர்லயே எனக்கு வேலை. அவன் கையில நான்தான் குத்துவேன். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.

முதல் நாள் கிளாஸ்ல ஜோனிட்டா சிஸ்டர், எங்களுக்குப் பாடம் எடுத்தவங்க, "தெங்கோ, டெங்ஙார், ராசா"ன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எங்கம்மா தம்பியப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. ராசாதான். சாயந்தரம் போன்ல சொன்னேன். "பாத்தியா, உங்க பாடத்துலயே நான்தான் இருக்கேன்"ன்னு அலட்டிக்கிட்டான்.

என் பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை அவனுக்கு ஊசி நழுவிடுச்சு. கை வீங்கி, முழங்கைக்கு மேல நீலம் பாஞ்சு போச்சு. பயந்து நியாலாஸ்ல இருக்கிற அம்மா வீட்டுக்கு ஓடிட்டான். செவ்வாய்க்கிழமை மெஷினுக்குப் போகல. வியாழக்கிழமையும் போகல. மத்தியானம் போன்ல கத்துனேன்.

"டேய், விளையாடாத. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ."

"நாளைக்கு உனக்குப் பரீட்சை. சனிக்கிழமை வந்து நீ குத்துக்கா. அதுவரைக்கும் தாங்கிக்குறேன்."

"மூச்சு வாங்குதா?"

"இல்லலா."

பொய் சொல்றான்னு எனக்குத் தெரியும். அம்மாகிட்ட போனக் குடுக்கச் சொல்லி, அவன இழுத்துக்கிட்டாவது போங்கன்னேன். மழை விட்டதும் கிளம்புறோம்னு சொன்னாங்க.

அன்னைக்கு சாயந்தரம் எல்லாரும் கிளம்பிட்டாங்க. ஒரு கடைக்கு மேல் மாடியிலதான் எங்க கிளாஸ். இங்கயும் நல்ல மழை. பழகுறதுக்கு எங்களுக்கு ஒரு ரப்பர் கை உண்டு. உள்ள குழாய், குழாயில சிவப்புத் தண்ணி. ஒரு சின்ன மோட்டாரை மாட்டுனா நரம்பு மாதிரியே துடிக்கும். அந்த மோட்டார் மத்தியானமே புட்டுக்கிச்சு. ஜோனிட்டா சிஸ்டர் அதக் கழட்டிப் பெட்டியில போட்டு, சிவப்புத் தண்ணியையும் வடிச்சுட்டாங்க. "சும்மா ஊசி புடிக்கிற விதத்த மட்டும் பழகிக்கோ"ன்னு சொல்லிட்டுக் கீழ போனாங்க.

நான் கை கழுவிட்டு வந்தேன். ரப்பர் கை மல்லாந்து கிடந்துச்சு. கவுத்துல்ல வெச்சுட்டுப் போனேன்? சரி, மறந்திருப்பேன்னு நினைச்சுக்கிட்டேன்.

உக்காந்தேன். பாடத்துல சொன்ன மாதிரியே வாய் விட்டுச் சொன்னேன்.

"தெங்கோ."

பாத்தேன். முழங்கைக்கு மேல லேசா நீலம். சாயம்னு நினைச்சுத் துணியால துடைச்சேன். போகல... வீக்கமும் இருந்துச்சு.

"டெங்ஙார்."

ஸ்டெதஸ்கோப்ப வெச்சேன். மோட்டார் இல்ல. தண்ணி இல்ல. ஒண்ணும் கேக்கக் கூடாது.

ஷூ... ஷூ... ஷூ...

காதுல இருந்து புடுங்குனேன். மழை சத்தம்தான். மறுபடி மாட்டுனேன். ஷூ... ஷூ... ரொம்ப வேகமா. தாறுமாறா.

எந்திரிச்சு ஓடியிருக்கணும். ஓடல. ஏன்னு இன்னைக்கும் தெரியல.

"ராசா."

சொல்லிட்டு விரல வெச்சேன்.

சூடு.

ரப்பர் இல்ல அது. தோலு. முடி. உள்ள விர்ர்ர்னு ஓடுது. அந்தத் துடிப்பு எனக்குத் தெரியும். எத்தனையோ நாளு தொட்டுப் பாத்த துடிப்பு.

அழுகை முட்டுது. கை மட்டும் ஊசிய எடுத்துடுச்சு. பழக்கத்துல எண்ண ஆரம்பிச்சேன்.

"ஒண்ணு..."

"எண்ணாதக்கா."

பக்கத்துல. காதோரம். மூச்சு வாங்குற குரல்.

நான் எண்ணல. குத்துனேன். ஒரு ஊசி. ரெண்டாவது ஊசி. ரெண்டுலயும் ரத்தம் ஏறுச்சு. கை ஒரு தடவகூட வெடுக்குனு இழுக்கல.

ஊசிகள எடுத்தேன். பஞ்சு வெச்சேன். பிளாஸ்டர் ஒட்டுனேன். பிளாஸ்டரோட முனைய நான் காது மாதிரி மடிச்சு வைப்பேன். புடுங்குறப்போ முடி இழுக்கும்னு தம்பி கத்துவான், அவனுக்காகப் பழகுனது. எங்க கிளாஸ்ல வேற யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க.

கட்டை விரலால அழுத்திப் புடிச்சேன்.

விர்ர்ர்...

விர்ர்...

வி...

நின்னுடுச்சு.

என் விரலுக்குக் கீழயே நின்னுடுச்சு.

போன் அடிச்சுது. 5.40. அம்மா. போன்ல அவங்க அழுகைதான் கேட்டுச்சு. என் அலறல் கேட்டு ஜோனிட்டா சிஸ்டர் மேல ஓடி வந்தாங்க. திரும்பி மேசையப் பாத்தேன். வெறும் ரப்பர் கை. காஞ்சு கிடக்குது. பஞ்சு இல்ல. பிளாஸ்டர் இல்ல.

சிஸ்டர்தான் காரோட்டிக்கிட்டு வந்தாங்க. நியாலாஸ் போய்ச் சேர்றதுக்குள்ள நடந்ததையெல்லாம் அவங்ககிட்ட சொல்லிட்டேன்.

சோபாவுல படுத்திருந்தான். முழுக்கை சட்ட. ஊசி நழுவுன கைய அம்மா பாத்துடக் கூடாதுன்னு போட்டுக்கிட்டது. அம்மா அவன் மூஞ்சியத் தடவித் தடவி அழுறாங்க.

"ராசா... ராசா..."

அந்த வார்த்தையக் கேட்டதும் என் கை தானா போச்சு. பழக்கம். சட்டைக் கைய மேல சுருட்டி, விரல வெச்சேன். ஒண்ணும் ஓடல. என் தம்பியோட மோட்டார் நின்னு போச்சு.

என் விரலுக்குப் பக்கத்துல ரெண்டு பஞ்சு. புதுசு. ரெண்டுலயும் சிவப்புப் பொட்டு. மேல பிளாஸ்டர்.

முனைய மடிச்சு... காது வெச்ச பிளாஸ்டர்.

சிஸ்டரும் பாத்தாங்க. குனிஞ்சு அந்த மடிச்ச முனையத் தொட்டுப் பாத்தாங்க.

"அம்மா... யாரும்மா வந்தது? யாரு ஊசி போட்டது?"

"யாரும்மா வருவா இந்த மழையில? நானும் அவனும்தான். மூச்சு விட முடியாமக் கிடந்தான். திடீர்னு கைய நீட்டுனான். 'வலிக்கவே இல்லக்கா'ன்னான். சிரிச்சான்மா..."

அம்மா என்னைப் பாத்தாங்க.

"நீதான் வந்துட்டியோன்னு வாசலுக்கு ஓடுனேன். திரும்பி வந்தா, என் ராசா இல்லம்மா."