எந்தக் கோழி?

என் மேசைமேல் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. மூடியிலிருந்த படம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. இப்போது வெறும் தகரம். உள்ளே இருப்பவை கல்யாணப் பத்திரிகைகளின் துண்டுகள். கல்லூரி ஆசிரியன் வீட்டுக்கு வராத பத்திரிகை கிடையாது. மாணவனுக்குக் கல்யாணம், மாணவனின் அக்காளுக்குக் கல்யாணம் என்று கம்பத்திலிருந்து தேவதானப்பட்டி வரை எல்லா ஊர்களிலிருந்தும் வரும். கெட்டித் தாள், பின்பக்கம் வெறுமையாக இருக்கும். என் மனைவி அவற்றைச் சேர்த்துவைத்து, ரவிக்கைத் துணி வெட்டும் பெரிய கத்தரியால் நாலு துண்டாக்கித் தருவாள். முன்பக்கத்தில் யாரோ ஒரு மணமகளின் பாதிப் பெயர். பின்பக்கத்தில் என் கையெழுத்தில் ஓர் ஆங்கில வாக்கியம், அதில் ஒரு சொல்லின் கீழ் மட்டும் கோடு. வலது மேல்மூலையில் சிறிய வட்டம் இருக்கும், அல்லது புள்ளி இருக்கும், அல்லது ஒன்றும் இருக்காது. அந்த மூலையில் இருப்பது மட்டும் என் கை அல்ல.

முப்பத்து நான்கு ஆண்டுகள் உத்தமபாளையத்தில் ஆங்கிலம் கற்பித்தேன். ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்னும் மூன்று சிறு சொற்கள் என் மாணவர்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. தமிழில் அவற்றுக்கு நேரான சொற்கள் இல்லை. ‘ஒரு’ என்பதும் ‘அந்த’ என்பதும் நாம் வேண்டும்போது சேர்த்துக்கொள்பவை, வேண்டாதபோது விட்டுவிடுபவை. இலக்கண நூல்களில் இதற்கு இருபத்தைந்து விதிகளும் அவற்றுக்கு அறுபது விலக்குகளும் உண்டு. மாணவர்கள் விதிகளைப் பிழையின்றி ஒப்பிப்பார்கள். அடுத்த வரியிலேயே பிழையாக எழுதுவார்கள். என் முனைவர் பட்ட ஆய்வே இந்த மூன்று சொற்களைப் பற்றியதுதான். ஆய்வேட்டை மதித்தார்கள், பட்டம் கொடுத்தார்கள். அதனால் என் வகுப்பில் ஒரு பிள்ளையின் பிழைகூடக் குறையவில்லை.

அது குறைந்தது ஒரு கோழியால். ஒருநாள் மாலை கல்லூரியிலிருந்து அனுமந்தன்பட்டி வீட்டுக்கு வந்து, சைக்கிளை நிறுத்திக்கொண்டே, “கோழி கிணத்துல விழுந்துருச்சாம்” என்றேன். தெருமுனையில் கூட்டமாக நின்றிருந்தார்கள், கேட்டதைச் சொன்னேன். தையல் மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமல் என் மனைவி கேட்டாள்: “எந்தக் கோழி?”

எந்தக் கிணறு என்று அவள் கேட்கவில்லை. எங்கள் தெருவுக்கு இருந்தது ஒரே கிணறு.

கையிலிருந்த பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றது நினைவிருக்கிறது. ஐந்தாண்டு ஆய்வில் நான் சுற்றிச் சுற்றி வந்த இடத்தை அவள் ஒரே கேள்வியில் தொட்டிருந்தாள். கேட்பவர் ‘எந்த’ என்று கேட்கும் பொருளுக்கு ‘எ’. கேட்கத் தேவையில்லாத பொருளுக்கு ‘தி’. மறுநாள் அதை வகுப்பில் சொன்னேன். கடைசி பெஞ்சுவரை புரிந்தது.

அதன்பின் அது எங்கள் மாலை வேலையாயிற்று. விடைத்தாள்களில் கண்ட வாக்கியங்களைத் தமிழாக்கி, ‘ஒரு’வும் ‘அந்த’வும் இல்லாமல் அவளிடம் சேதி சொல்வதுபோலச் சொல்வேன். அவள் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பாள். ‘எந்த’ என்று கேட்டால், அந்த வாக்கியம் எழுதிய அட்டைத் துண்டின் மூலையில் வட்டம் போடுவாள். கேட்காமல் விட்டால் புள்ளி. ரவிக்கையில் பட்டன் துளைக்கு வட்டமும் கொக்கிக்குப் புள்ளியுமாகச் சாக்கட்டியால் குறிப்பவள் அவள். அந்தக் குறிகளையே இதற்கும் வைத்துக்கொண்டாள். “தண்ணி குடிச்சேன்” என்று சொன்ன அன்று சிரித்துவிட்டாள். “தண்ணிக்குப் போயி எந்தத் தண்ணின்னு யாராச்சும் கேப்பாகளா?” என்றாள். அந்த அட்டையின் மூலை காலியாக நின்றது. இப்படி, அந்தச் சிறு சொற்களில் எதுவும் வேண்டாத மூன்றாவது வகையும் அமைந்தது. ஒருமுறை விதியைக் காட்டி அவளோடு வாதாடினேன். “நீங்க படிச்சதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குக் கேக்கத் தோணல. அம்புட்டுத்தான்” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூலைக் கோத்தாள். மறுநாள் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். அவள் சொன்னதே சரி. அவள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள்.

என் துறையில் என்னைவிட எட்டு வயது இளையவரான சக ஆசிரியர் ஒருவர் இருந்தார். என்னை அண்ணன் என்றும் அவளை மதினி என்றும் அழைப்பார். சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு, வெட்டிய துணிகளுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்து, இந்த வேலையை வேடிக்கை பார்ப்பார். “மதினி, நீங்க மட்டும் காலேஜ்ல வந்து உக்காந்துட்டா எங்க ரெண்டு பேருக்கும் வேல போயிரும்” என்பார். “நான் அங்கன வந்துட்டா இந்த ரவிக்கையெல்லாம் யாரு தைக்கிறது, உங்க மாமியாரா?” என்பாள். அவர் வாய்விட்டுச் சிரிப்பார். நல்ல சிரிப்பு. அதில் கள்ளம் இருந்ததாக இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

இதைப் புத்தகமாக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் அவர்தான். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு, தமிழிலேயே விளக்கி. நான் முகப்புப் பக்கத்தை மை பேனாவால் அழகாக எழுதி டின்னின் அடியில் வைத்தேன். அட்டைகள் எண்ணூறைத் தாண்டியபோது, கம்ப்யூட்டரில் அடித்துத் தருவதாகச் சொல்லி டின்னை எடுத்துப்போனார். ஆறு மாதம் கழித்து, இன்னும் கொஞ்சம் பாக்கியிருக்கிறது என்று சொல்லி அதைத் திருப்பித் தந்தார். பிறகு தேனியில் வேறொரு கல்லூரியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். சனிக்கிழமைகள் நின்றன. போனில் கேட்கும்போதெல்லாம், “ஆயிக்கிட்டிருக்குண்ணே” என்பார்.

புத்தகம் வந்ததை முதலில் கண்டவள் என் மனைவி. அளவு கொடுக்க வந்த ஒரு கல்லூரிப் பெண், தன் முறை வரும்வரை பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். விரித்த பக்கத்தில் வட்டமும் புள்ளியும் வரிசையாக நின்றிருக்கின்றன. என் மனைவி அதை ஒருநாள் இரவலாகக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். நான் வீட்டுக்கு வந்தபோது மிஷின் ஓடவில்லை. அதுவே எனக்குப் புதிது. புத்தக அட்டையில் ஒரே ஒரு பெயர், தேனிக்குப் போனவருடையது.

முன்னுரை தமிழில் இருந்தது. அவளே அதை எனக்கு வாசித்துக் காட்டினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி. ஒருநாள் மாலை நூலாசிரியர் வீடு திரும்பி, கோழி கிணற்றில் விழுந்த சேதியைச் சொல்கிறார். அடுக்களையிலிருந்து அவருடைய மனைவி ‘எந்தக் கோழி?’ என்று கேட்கிறார். அந்தக் கணத்தில் இந்த முறை பிறக்கிறது. வட்டமும் புள்ளியும் அந்த அம்மையார் வாசலில் போடும் கோலத்திலிருந்து எடுத்தவையாம். ஊக்கமளித்த நண்பர்கள் பலருக்கும் நன்றி சொல்லியிருந்தார். அந்தப் பலரில் நானும் இருந்திருக்கலாம். வாசித்து முடித்து, புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, “அவுக வீட்டுல ஏது கிணறு? குடியிருக்கது மூணாவது மாடியில” என்றாள்.

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. புத்தகத்தை என் பக்கம் நீட்டி, “அவுககிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டீகளா?” என்றாள். கேட்கிறேன் என்றேன்.

மூன்று கடிதங்கள் எழுதினேன். ஒன்றையும் அனுப்பவில்லை. தகராறு நம் தகுதிக்கு ஏற்றதல்ல, பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், காலம் சொல்லும் என்றெல்லாம் எனக்கு நானே எடுத்துரைத்தேன். அவை நாகரிகமான காரணங்கள். நாகரிகமில்லாத காரணம் ஒன்று அவற்றின் அடியில் கிடந்தது. உரிமை கேட்பதென்றால் உண்மை முழுவதையும் சொல்ல வேண்டும். முனைவர் பட்டம் பெற்றவன் தன் ஆய்வுப் பொருளை ரவிக்கை தைக்கும் மனைவியிடம் கற்றுக்கொண்டான் என்பதைச் சக ஆசிரியர்கள் முன்னால் சொல்ல வேண்டும். அதற்கு என் வாய் வரவில்லை.

இதை அவள் எனக்கு முன்பே அறிந்திருந்தாள். ஒரு வாரம் கழித்து, டின்னின் அடியிலிருந்த அந்த முகப்புப் பக்கத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். என் அழகான கையெழுத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன: என்னுடையது, பட்டத்தோடு, அவருடையது, பட்டத்தோடு. அவள் பெயர் இல்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து விட்டதல்ல. அந்த எண்ணமே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

“அவுகளாச்சும் பொண்டாட்டின்னு போட்டுருக்காக” என்றாள்.

குரல் உயரவில்லை. அதன்பின் எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. சமைத்தாள், தைத்தாள், என்னோடு ஞாயிறு தோறும் கோயிலுக்கு வந்தாள். ஆனால் அதற்குப் பிறகு வந்த கல்யாணப் பத்திரிகைகளை அவள் வெட்டவில்லை. அவை அலமாரியில் முழுசாகவே அடுக்கிக் கிடந்தன. நான் தெருவில் கேட்ட சேதிகளைச் சொல்லும்போது, “அப்படியா” என்பாள். எந்த ஆடு, எந்த வீடு, எந்தப் பொண்ணு என்று கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள். இருபது ஆண்டுகள் என் வீட்டில் ‘எந்த’ என்னும் சொல் ஒலிக்கவில்லை.

சென்ற ஆண்டு திராட்சை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது அவள் இறந்தாள். தேனியிலிருந்து அவர் வந்தார். என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். பொய்யான அழுகை அல்ல. ஒரு மாதம் கழித்து போன் செய்தார். புத்தகம் புதிய பதிப்பாக வருகிறதாம். அதற்கு அணிந்துரை நான்தான் எழுத வேண்டுமாம். நான் ஒரே அமர்வில் எழுதி அனுப்பினேன். கோழி, கிணறு, மிஷின், சாக்கட்டி, அவள் பெயர். என் முகப்புப் பக்கத்தில் அவள் பெயர் இல்லாமற்போனதையும் விடவில்லை. குற்றம் சாட்டும் சொல் ஒன்றும் அதில் இல்லை. நாலு நாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

“படிச்சேண்ணே. ஒண்ணும் பொய்யில்ல. ஆனா எங்க வீட்டுக்காரிய எத்தன பள்ளிக்கூடத்து மேடையில உக்கார வச்சு மாலை போட்டுருக்காக, தெரியுமா? இப்ப இதப் போட்டா அவ மூஞ்சிய எங்கன கொண்டுபோயி வைப்பா?” என்றார். அவர் இன்னும் தணிந்து, “மதினியே கடைசி வரைக்கும் ஒண்ணும் சொல்லலையேண்ணே. நீங்களுந்தான் சொல்லல” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை என்னால் மறுக்க முடியவில்லை. புதிய பதிப்பு வந்துவிட்டது. என் அணிந்துரை அதில் இல்லை. பழைய முன்னுரை அப்படியே இருக்கிறது. அடுக்களை, கோலம், கோழி எல்லாம். அவர் என்னிடமிருந்து எடுத்தது ஒரு புத்தகம். அதற்காக அவர்மேல் எனக்கிருக்கும் கசப்பு குறையவில்லை, குறையும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அவர் திருடியதை, திருடுவதற்கு முன்பே நான் வேறொருவரிடமிருந்து எடுத்திருந்தேன்.

போன வாரம் அவளுடைய முதலாண்டுப் பூசை நடந்தது. நினைவு அட்டைகள் அச்சடித்திருந்தேன். முன்பக்கம் அவள் படமும் ஒரு செபமும். கொஞ்சம் மிஞ்சிவிட்டன. கெட்டித் தாள், பின்பக்கம் வெறுமை. பழக்க தோஷத்தில் ஒன்றை எடுத்து, மற்றக் கையால் அவளுடைய கத்தரியை எடுத்துவிட்டேன். வெட்ட முடியவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, சும்மா இருந்த வீட்டைப் பார்த்து, “கோழி கிணத்துல விழுந்துருச்சாம்” என்று சொன்னேன். மிஷின்மேல் உறை போட்டிருந்தது. தெருவில் அந்தக் கிணற்றை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

பிறகு அந்த அட்டையின் பின்பக்கத்தில், முகப்புப் பக்கத்துக்காக முன்பு எழுதிய அதே கையெழுத்தில், அவள் பெயரை எழுதினேன். ஆரோக்கிய மேரி. வேறொன்றும் எழுதவில்லை. வலது மேல்மூலையை அவளுக்கென்று காலியாக விட்டு, டின்னில் எல்லா அட்டைகளுக்கும் மேலே வைத்து மூடினேன்.