ஒரே உயரம், இரண்டு கில்ற்: பிக்கரிங் போய் அளவு கொடுத்த கதை

இந்த வருடம், தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, மார்ச் விடுமுறையில் நானும் அம்மாவும் நகரத்துக்குக் கிழக்கே ஏரிக்கரையில் இருக்கும் பிக்கரிங் போனோம். சொந்தக்காரர் வீட்டுக்கு இல்லை, கில்ற் தைக்க அளவு கொடுப்பதற்கு. எங்கள் பள்ளிக்கூடத்தில் பைப்பும் மேளமும் சேர்ந்த ஸ்கொட்லாந்து வாத்தியக்குழு ஒன்று இருக்கிறது. அதில் நானும் என் சிநேகிதி சுகந்தியும் பனிக்காலம் முழுவதும் மேளம் பழகினோம். மே மாத ஊர்வலத்தில் எல்லாரும் கில்ற் உடுத்த வேண்டும். கட்டம் போட்ட கம்பளித் துணியில், பின்பக்கம் நெருக்கமாக மடிப்பு வைத்த பாவாடை அது. அடுத்த வருடம் குழுவில் சேர இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். எனக்கே இன்னும் முழுவதும் விளங்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிக்கல் என்னவென்றால், போவதற்கு இரண்டு நாள் முன்னர் சுகந்திக்குக் கொப்புளிப்பான், அதாவது சின்னம்மை, வந்துவிட்டது. பிக்கரிங்கில் எங்கள் குழுவுக்குக் கில்ற் தைக்கிற மிசிஸ் ரீட் அடுத்த கிழமை கண் ஒப்பரேஷனுக்குப் போகிறார். அதற்கு முதல் எல்லாருடைய துணியையும் வெட்டிவிட வேண்டும். கில்ற் இல்லாதவரும் கில்றின் அளவு பிழைத்தவரும் வரிசையில் நிற்க முடியாது என்று ரீச்சர் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

அம்மா இதைப் பெரிய விஷயமாக எடுக்கவில்லை. "ரெண்டு பேரும் ஐஞ்சடி ரெண்டங்குலம். சட்டையும் மாத்தி மாத்திப் போடுறனியள். உன்ரை அளவையே ரெண்டு தரம் குடுத்தாச் சரி." சுகந்தியின் அம்மா, ரஞ்சி அன்ரி, அதை ஒப்புக்கொண்டு ஒரு நிபந்தனை வைத்தார்: "முழங்கால் மூடவேணும்."

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்திலிருந்து ஷேர்போர்ன் சப்வேக்குப் பத்து நிமிட நடை. ஒரு தரிப்பு போய், மாறி, தெற்கே யூனியன் நிலையத்தில் இறங்கினால் அங்கேயே 'கோ' என்கிற புறநகர் ரெயின் எடுக்கலாம். பகலில் மணிக்கு ஒன்றுதான் ஓடுகிறது. நாங்கள் ஒன்றைத் தவறவிட்டு நின்றோம். பிக்கரிங் போய்ச் சேர முக்கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. போகும்போது வலப்பக்க ஜன்னலில் இருங்கள். ஸ்காபரோ நிலையம் தாண்டியதும் ஏரி தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வருகிறது. கரையில் பனிக்கட்டி இன்னும் இருந்தது. நான் நூலகத்திலிருந்து எடுத்த கில்ற் புத்தகத்தில் 'இடையிலிருந்து முழங்கால் நடு வரை' என்று இருந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தபடி வந்தேன். இடை எங்கே தொடங்குகிறது என்று அதில் எழுதியிருக்கவில்லை.

நிலையத்திலிருந்து ஏரிப்பக்கமாக இருபது நிமிடம் நடந்தோம். நடைபாதையெல்லாம் உருகின பனி. கட்டாயம் சப்பாத்து அல்ல, பூட்ஸ் போடுங்கள்.

மிசிஸ் ரீட்டின் வீட்டு நிலக்கீழ் அறையில் நீளமான மேசை ஒன்றும் துணிச் சுருள்களும் இருந்தன. அவருடைய கணவர் மூலையில் இருந்து எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொன்னார். மிசிஸ் ரீட் என் தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே நாடாவை வைத்தார். அம்மா பதறிப்போனார்.

"உதென்ன, நெஞ்சுக்குக் கிட்ட வைக்கிறா? பாவாடை கட்டுற இடம் கீழையெல்லே?"

நான் மொழிபெயர்த்தேன். கில்ற் அங்கேதான் தொடங்கும் என்றார் மிசிஸ் ரீட். முழங்கால் சில்லின் மேல் விளிம்பில் முடித்தார். நடுவில் முடிய வேண்டும் என்றார் கணவர். நாற்பது வருடமாக இதே தவறைச் சொல்கிறார் என்றார் மனைவி. நாற்பது வருடமாக நான்தான் கில்ற் உடுத்துகிறேன் என்றார் அவர். கடைசியில் என்னை முழங்காலில் நிற்கவைத்து, இடையிலிருந்து நிலம் வரை அளந்து பார்த்தார்கள். அப்படி நிற்கும்போது விளிம்பு நிலத்திலிருந்து ஓர் அங்குலம் அளவுக்கு உயர்ந்து நின்றால் சரியாம். எனக்கு இருபத்திரண்டு அங்குலம் என்று முடிவானது. யாருடைய கட்சி வென்றது என்று எனக்குத் தெரியவில்லை.

"வளர்ற பிள்ளை. கீழை நாலு விரல் மடிச்சுத் தைக்கச் சொல்லு, பிறகு அவிழ்த்து விடலாம்" என்றார் அம்மா. கில்றுக்குக் கீழே மடிப்பே கிடையாதாம். துணியின் சொந்தக் கரைதான் விளிம்பு. நீளத்தை மேலே வெட்டுகிறார்கள். வெட்டினால் வெட்டினதுதான்.

இரண்டாவதும் இதே அளவு என்று நான் சொன்னதும் மிசிஸ் ரீட் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். உயரத்துக்கு வெட்டுவதில்லை, காலுக்குத்தான் வெட்டுகிறேன் என்றார். கணவர் ரெலிபோனைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அன்ரி, சுகந்தியை அளக்கவேணும். இடுப்பிலை இருந்து முழங்கால் மட்டும்."

"அவள் உடம்பெல்லாம் மருந்து பூசிக்கொண்டு நிக்கிறாள். பொறு." நாடா தேடும் சத்தம் கேட்டது. "பதினேழு."

அது பாவாடை கட்டும் இடத்திலிருந்து. மேலே வைக்கச் சொன்னேன். இப்போது இருபத்து மூன்று வந்தது.

"அன்ரி, முழங்கால் நடுவிலை நிப்பாட்டினீங்களோ?"

"முழங்கால் மூடவேணும் எண்டு சொன்னனான் எல்லே!"

பின்னால் சுகந்தியின் குரல்: "அம்மா, நாடா பட்டாச் சொறியுது! விடுங்கோ, நானே பாக்கிறன்!" அவள் நாடாவைப் பறித்து அளந்து இருபதரை என்றாள். முழங்காலில் நின்று பார்க்கச் சொன்னேன். நிலம் வரை அளந்து அந்த ஓர் அங்குலத்தைக் கழித்துப் பார்க்க மறுபடி இருபதரை.

ஒரே உயரமுள்ள இருவருக்கு ஒன்றரை அங்குல வித்தியாசம் எப்படி வரும்? அம்மா என் கையைப் பிடித்து, "பிழையா அளந்திருக்கிறாள். உன்ரையையே சொல்லு" என்றார். அன்ரி ரெலிபோனில், "இருபத்து மூண்டு எண்டே சொல்லு பிள்ளை" என்றார். மிசிஸ் ரீட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிழையான எண்ணைச் சொன்னால் ஊர்வலத்தன்று சுகந்தி வீட்டில் இருப்பாள்.

அப்போதுதான் வகுப்பு நினைவுக்கு வந்தது. சுகந்தி எனக்கு முன் கதிரையில் இருந்தால் எனக்குக் கரும்பலகை தெரியாது. எழுந்து நின்றால் இருவரும் சமம். அப்படியென்றால் அவளுக்கு உடம்பு நீளம், எனக்குக் கால் நீளம். சட்டை தோளில் தொங்குவதால் இருவருக்கும் பொருந்துகிறது. கில்ற் இடையில் தொடங்குகிறதே! யோசிக்க யோசிக்கச் சரிபோலவும் இருந்தது, பிழைபோலவும் இருந்தது.

"இருபதரை" என்றேன்.

மிசிஸ் ரீட் சோக்கால் கோடு கீறி வெட்டினார். திரும்பி வரும் ரெயினில், "கட்டையா வந்தால் ரஞ்சியக்காவுக்கு நீதான் பதில் சொல்லவேணும்" என்றார் அம்மா.

கில்றுகள் ஏப்ரல் கடைசியில் வந்தன. சுகந்தி எங்கள் வீட்டிலேயே உடுத்துப் பார்த்தாள். முழங்கால் சில்லின் நடு. பிறகு நானும் உடுத்து, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

அன்ரிக்கு முகம் மலர்ந்தது. "பாத்தீங்களே, எங்கடை பிள்ளையின்ரை நல்ல நீளம்!"

உண்மைதான். சுகந்தியின் விளிம்பு என்னுடையதைவிட ஓர் அங்குலம் கீழே நின்றது. அவளுடைய இடையும் முழங்காலும் என்னுடையதைவிடக் கீழேதானே இருக்கின்றன. ஆனால் என் அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. "உனக்கு ஏனடி கட்டையா வெட்டினவை? அவளுக்கு நீளத்தைக் குடுத்திட்டு வந்து நிக்கிறாய்!"

"அம்மா, என்ரைதான் நீளம்."

"எனக்குக் கண் தெரியாதே?"

இந்தப் பயணம் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: சிநேகிதிக்காக அளவு கொடுக்காதீர்கள், அவளையே கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வழக்கமாகக் கட்டும் இடத்தை மறந்துவிடுங்கள். நின்றும் அளக்கச் சொல்லுங்கள், முழங்காலில் நின்றும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் மட்டும் வெட்ட விடுங்கள். அம்மாவைக் கூட்டிப் போனால் காலை ரெயினையே பிடியுங்கள், நேரம் பிடிக்கும்.

ஊர்வலத்தில் சுகந்தி எனக்கு இடப்பக்கம் நடந்தாள். எங்களைக் கடந்து போன ரீச்சர் நின்று, முதலில் இரண்டு விளிம்புகளையும் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். பிறகு நான்கு முழங்கால்களையும் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். அன்று இரவு, சுகந்தி எங்கள் வீட்டில் உடை மாற்றி விட்டுப்போன கில்றையும் என்னுடையதையும் அம்மா கட்டிலில் விரித்து, நாடா வைத்து அளந்தார். இருபத்திரண்டு. இருபதரை. நாடாவைத் திருப்பிப் பிடித்து, இன்னொரு தரம் அளந்தார்.