சாளை எண்ணெய் பூசிய ஆரஞ்சு வயர்

என் சிநேகிதனுடைய வலது கையில் இப்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருக்கின்றன. நடுவில் இருந்த மூன்றும் என்னால் போயின. அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். மூன்றாவது ஆளிடம் இதுவரை நான் வாயைத் திறந்ததில்லை.

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருபத்தைந்து வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் உப்பு லாரிகள்தான் வரும். ஈர உப்பை ஏற்றிக்கொண்டு உப்பளத்திலிருந்து வருகிற லாரியின் அடியில் ஒரு நாள் படுத்துப் பார்த்தால்தான் உப்பு என்றால் என்னவென்று தெரியும். பாரம் முழுக்க வடிந்து சேசிஸில் சொட்டும். இரும்பு உரியும். வயருக்குள் செம்பு பச்சை பூத்து, தொட்டால் மாவாக உதிரும். முன்னால் பேட்டரியிலிருந்து பின்னால் சிவப்பு விளக்கு வரைக்கும் ஓடுகிற அந்த நீளக் கட்டு வயரை உப்பிடமிருந்து காப்பாற்றுவதுதான் என் பிழைப்பு.

அதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னால் லாரியின் அடியை நன்றாகக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, சாளை மீன் எண்ணெயைப் பிரஷ்ஷால் பூசிவிடுவோம். வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிற அதே எண்ணெய்தான். ஒரு வாரம் நாறும். பிறகு பிசின் மாதிரி காய்ந்து பிடித்துக்கொள்ளும், உப்புத் தண்ணீர் உள்ளே போகாது. சில சமயம் நாற்றத்துக்கு எலி வந்து வயரைக் கடிக்கும். கடித்தால் என்ன? ஒரு விளக்கு எரியாது. வெட்டிவிட்டு முறுக்கி டேப் சுற்றினால் தீர்ந்தது கதை. லாரியில் இருப்பது இருபத்து நான்கு வோல்ட். வெறுங்கையால் பிடித்தாலும் ஒன்றும் செய்யாது. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருடம் ஓட்டினேன்.

அவனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் கடற்கரைக்காரன், கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். மீன்பாடு குறைந்து, வள்ளத்தில் இருந்த பங்கைக் கொடுத்துவிட்டுச் சின்னதாக ஒரு எலக்ட்ரிக் சரக்கு வண்டி வாங்கினான். அளத்துப் பக்கம் பாக்கெட் போடும் இடத்திலிருந்து உப்பு மூட்டைகளை ஏற்றி ஊருக்குள் கடை கடையாக இறக்குகிற வேலை. வீட்டில் பெண்டாட்டி, காலேஜில் படிக்கிற மகள். அந்த வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும்.

புரட்டாசி கடைசியில் வண்டியை என் கடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"மாப்ள, மழைக்கு முன்னால அடியில ஒருக்கா பாத்துச் சொல்லு."

படுத்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அழகான வேலை. முன்பக்கம் சார்ஜ் போடுகிற இடத்திலிருந்து நடுவில் பேட்டரி, அங்கிருந்து பின்னால் மோட்டார் என்று ஆரஞ்சு நிறத்தில் தடித்த வயர் ஓடியது. அதன்மேல் வரிவரியான பிளாஸ்டிக் குழாய் போர்த்தியிருந்தது. சாண் சாணுக்கு ஒரு கிளிப். இரும்புத் தகட்டைத் துளைத்துப் போகிற இடங்களில், விளிம்பு அறுக்காமல் ரப்பர் வளையம். எல்லாவற்றுக்கும் கீழே, கல்லும் சேறும் அடிக்காமல் நீளமாக ஒரு பிளாஸ்டிக் கவர். அந்தக் கவருக்குள் உப்புச் சேறு அப்பிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"எவன்லே இத மாட்டினான்? உப்ப அள்ளி மடியில கட்டி வச்சிருக்கான்! இதக் கழத்திப் போடு மொதல்ல."

"கழத்தக் கூடாதுன்னு கம்பெனில சொல்லுதாவ மாப்ள. ஆரஞ்சு வயரத் தொடவே கூடாதாம். வண்டிகூட குடுத்த புஸ்தகத்துலயும் போட்டிருக்கு."

"கம்பெனிக்காரன் அளத்துல வண்டி ஓட்டிருக்கானாலே? இந்த ஊர்ல இருவத்தஞ்சு வருசமா வயரக் காப்பாத்துதது யாரு? புஸ்தகமா, நானா?"

"நீதான்" என்று சிரித்தான். "நீதான்லே. செய்யி."

கவரைக் கழற்றினேன். கழுவினேன், காற்றடித்தேன். பிறகு டின்னைத் திறந்து, கை போன இடமெல்லாம் சாளை எண்ணெயைப் பூசினேன். ஆரஞ்சு வயரின் மேலிருந்த குழாய்க்கு இரண்டு கை அதிகமாகவே பூசினேன். சிநேகிதன் வண்டி அல்லவா!

அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். "ஏலே, ஊர்ப் பூனையெல்லாம் எம் பின்னாலயே வரும்லா."

"வந்தா வரட்டு. தொணைக்கு ஆச்சு, போ."

கழற்றிய கவரை அவன் வீட்டுக்கு எடுத்துப் போனான். நீளமாக, ஓரம் மடிந்து, தண்ணீர் வடியத் துளைகளோடு இருந்ததால் அவன் பெண்டாட்டி அதை முற்றத்தில் போட்டு நெத்திலி காயவைக்க ஆரம்பித்தாள். எங்கே, யார் கழற்றியது என்று அவள் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை. நான்கூட அதைப் பார்த்து அவனிடம் கேலி செய்தேன். உருப்படியான சாமானாக இப்போதுதான் ஆகியிருக்கிறது என்றேன்.

அவன் வீடு வலை வைக்கும் ஷெட்டுக்குப் பக்கத்தில். வண்டியை அங்கேதான் நிறுத்துவான். பெருச்சாளிக்கு அது தாய்வீடு. இதெல்லாம் எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. அந்த ஷெட் வாசலில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கதை பேசியிருக்கிறேன். தெரிந்ததை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து, மழை தொடங்கிய பிறகு, மறுபடி வந்தான். ஸ்டீயரிங்குக்கு முன்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்றான். அடியில் போய்ப் பார்த்தேன். எண்ணெயின் மேல் சாலைப் புழுதி ஒட்டி, கறுப்பாக ஏடு படிந்திருந்தது. குழாயின் முகமே தெரியவில்லை. குறுக்குக் கம்பியின் மேல் எலிப் புழுக்கை கிடந்தது. ஆமாம், பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். துணியால் தட்டிவிட்டேன். ஈரம்தான் காரணம் என்று முடிவு கட்டி அரை மணி நேரம் காற்றடித்தேன். விளக்கு அணைந்தது.

"பாத்தியாலே? இம்புட்டுத்தான்" என்றேன்.

அவனுக்கு மனசு ஒப்பவில்லை. "கம்பெனில ஒருக்கா கொண்டு காட்டட்டுமா?"

"காட்டு, காட்டு. கவரு எங்கன்னு கேப்பான். கழத்தியாச்சுன்னு சொன்னா வாரண்டி கெடையாதும்பான். தேவையா ஒனக்கு?"

வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவனைப் பயமுறுத்தியது நான். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்றைக்கு அவன் கம்பெனிக்குப் போயிருந்தால் ஒரு குழாயும் வயரும் மாற்றியிருப்பார்கள். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அடுத்த வாரம் ஒரு காலை. நல்ல மழை. அளத்துப் பாதையில் வண்டி நின்றுவிட்டது என்று போன் செய்தான். மறுபடி அந்த விளக்கு என்றான். நான் வேறொரு லாரியின் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கிரீஸ், எரிச்சல். லாரிக்காரனுக்குச் சொல்வதை அப்படியே சொன்னேன். எங்கள் தொழிலில் அதுதான் பாலபாடம்: சாவியைப் போட்டு வை, கட்டு வயரைப் பிடித்து ஆட்டு, எங்கே ஆட்டும்போது விளக்கு மினுங்குகிறதோ அங்கேதான் கோளாறு.

"சாவியப் போட்டே வையி. அடியில கைய விட்டு வயரப் புடிச்சு நல்லா ஆட்டு."

"ஆரஞ்சு வயரயா?"

"பின்ன எதை? ஆட்டுலே. பயந்து சாவாத."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் போல. மழைச் சத்தம் கேட்டது. அவன் முனகிக்கொண்டு குனிகிற சத்தம் கேட்டது. பிறகு படீர் என்று ஒன்று. அதற்குப் பிறகு பெண்கள் கத்துகிற சத்தம்.

நான் போய்ச் சேர்ந்தபோது உப்புப் பாக்கெட் போடுகிற பெண்கள் அவனைப் பாதையோரம் இழுத்துப் போட்டுச் சாக்கால் மூடியிருந்தார்கள். முழித்துக்கொண்டுதான் இருந்தான். கையை மட்டும் நான் பார்க்கவில்லை. ஒருத்தி தன் துண்டால் சுற்றியிருந்தாள். அந்தத் துண்டையும் மீறிக் கருகல் வாடை, அதோடு சேர்ந்து காய்ந்த மீன் எண்ணெய் வாடை. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் விரல்களை எடுத்தார்கள்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து ஷெட் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். ஒரு மதியம் தனியாகப் போய் அடியில் படுத்தேன். கறுப்பு ஏட்டை விரலால் சுரண்டியபோதுதான் தெரிந்தது. குழாயை ஒரு முழத்துக்கு மேல் எலி தின்றிருந்தது. உள்ளே இருந்த இரண்டு வயர்களின் தோலும் போய், செம்பு வெளியே தெரிந்தது. அவன் பிடித்து ஆட்டிய இடம் அது; லாரியின் இருபத்து நான்கு வோல்ட் இல்லை, அதைப்போலப் பல மடங்கு ஓடுகிற வயர். அதிலிருந்து சாண் தள்ளி, ஒரு பிராக்கெட்டுக்குப் பின்னால் என் பிரஷ் எட்டாத இடம் ஒன்று இருந்தது. அங்கே குழாய் புதுக் கருக்கோடு, ஒரு பல்தடம்கூட இல்லாமல் இருந்தது. எண்ணெய் எங்கே தொடங்கியதோ அங்கே கடி தொடங்கியிருந்தது. வெகுநேரம் அப்படியே கிடந்தேன். அழுதேன்.

கம்பெனியிலிருந்து ஒரு பையன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். மரியாதையான பிள்ளை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து கட்டிலருகே நின்றான். நான் பிளாஸ்கில் கஞ்சியோடு நின்றுகொண்டிருந்தேன். சிநேகிதன் பெண்டாட்டி மறுபக்கம் இருந்தாள்.

"சார், அடியில மீன் எண்ணெய் பூசியிருக்கு. யார் பூசுனது?"

நான் பிளாஸ்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"நாந்தான்" என்றான் சிநேகிதன். "வள்ளத்துக்குப் பூசிப் பழக்கம். உப்புக்கு நல்லதுன்னு பூசினேன்."

"கவரைக் கழட்டுனது?"

"அதுவும் நாந்தான் தம்பி."

என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பையன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். சிநேகிதன் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி மனுசா, யாரு கேக்கச் சொன்னா ஒம்ம புத்திய!" என்று அழுதாள். நான் பிளாஸ்கின் மூடியைத் திருகித் திறந்து, கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. போலீஸ் வருமோ, கடையை மூட வேண்டிவருமோ, லாரிக்காரர்கள் காறித் துப்புவார்களோ என்று பயந்தேன். அவ்வளவுதான், வேறு காரணம் கிடையாது.

பிறகு தனியாக இருக்கும்போது கேட்டேன். "ஏம்லே அப்படிச் சொன்ன?"

"என் கை போயாச்சு. ஓங் கடையும் போணுமாக்கும்?" என்றான். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, "வீட்லயும் இப்படியே இருக்கட்டு. அவளுக்குத் தெரிஞ்சா ஒன்ன நடைக்குள்ள விட மாட்டா" என்றான்.

வண்டியை வந்த விலைக்குத் தள்ளினார்கள். அவன் இப்போது ஒரு குடோனில் வாட்ச்மேன். மகள் காலேஜை விட்டுவிட்டுத் துணிக்கடையில் நிற்கிறாள்.

என் கடைக்கு இந்த மாதிரி வண்டிகள் இப்போது அதிகம் வருகின்றன. எண்ணெய் டின்னைக் கடையை விட்டே எறிந்துவிட்டேன். அடியை நல்ல தண்ணீரில் அலசுவதோடு சரி. கவரைத் திறக்க விடுவதில்லை. ஆரஞ்சு வயர் என்றால் கம்பெனிக்குப் போ என்று விரட்டுகிறேன். எலி நடமாட்டம் உள்ள இடத்தில் நிறுத்தாதே என்று வருகிறவனிடமெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிறேன். அண்ணாச்சிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று சொல்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பாடு. முற்றத்தில் அந்தக் கவர் கிடந்தது, அதன்மேல் நெத்திலி. அவன் என் எதிரே உட்கார்ந்து, ஸ்பூனை இடது கையில் பிடித்துச் சோற்றைத் துழாவிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"இவுக கிறுக்குத்தனமா எண்ணெயப் பூசிக் கைய தொலைச்சதுதான் அண்ணாச்சி எனக்கு ஆறவே மாட்டேங்கு. வண்டிய ஒங்ககிட்ட ஒரு வார்த்த காட்டிருக்கலாம்லா? நீங்க பக்கத்துல இருந்திருந்தா விட்டிருப்பியளா?"

அவன் ஸ்பூன் நின்றது. தலையை நிமிர்த்தவில்லை.

"விட்டிருக்க மாட்டேம்மா" என்றேன்.

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு, சட்டியில் இருந்ததிலேயே பெரிய துண்டு மீனாகப் பார்த்து எடுத்து என் தட்டில் வைத்தாள்.