பந்தோடு ஓடிய மார்க்

சுனாமியில் கடல் வந்து மட்டக்களப்பின் டச்பார்க் கரையை அள்ளிக்கொண்டு போன வருடம் மார்க்குக்குப் பதினொரு வயது. தாய் கடலோடு போய்விட்டாள். தகப்பன் எல்மோ புளியந்தீவில் தச்சுப்பட்டறை வைத்திருந்தவர். மகனை இந்தக் கரையில் வளர்க்கப் பயந்து, அமெரிக்காவில் இருந்த தன் தங்கை கிளாறிஸிடம் அனுப்பிவைத்தார். மூத்தவள் றொஷெல் தகப்பனோடு நின்றுகொண்டாள்.

அங்கே மார்க்குக்கு வாய்த்தது ஓட்டம். அமெரிக்க ஃபுட்போலில் ரன்னிங் பேக் என்றொரு இடம் உண்டு. முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மோத வருகிற மலைபோன்ற ஆட்களின் இடுக்கில் புகுந்து ஓடவேண்டும். அதற்காகவே ஒரு கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. அவன் படம் பத்திரிகையில் வந்தபோது எல்மோ வாடிக்கைக்காரரை எல்லாம் பிடித்துவைத்துப் பேசினார்.

"பந்தக் கையில கொண்டு ஓடுறதுக்கு ஏன் ஃபுட்போல் எண்டு பேர் வெச்சிரிக்காங்க?" என்று காத்தான்குடித் துணிக்கடை மஜீட் ஒருநாள் கேட்டார்.

"உனக்கு அதெல்லாம் விளங்காது மஜீட்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் எல்மோ.

படிப்பு முடிந்ததும் பெரிய அணிகள் எதுவும் மார்க்கை எடுக்கவில்லை. உயரம் போதாதாம். ஐரோப்பாவில் கொஞ்சக் காலம் ஆடிப் பெயர் எடுத்தால் திரும்பிக் கூப்பிடுவார்கள் என்றான் ஒரு ஏஜெண்ட். மார்க் ஜெர்மனிக்குப் போனான். வேலியோரம் நின்று பியர் குடிப்பவர்கள்தான் அங்கே பார்வையாளர்கள். அடுத்து ஒஸ்ரியா, அதற்கடுத்து போலந்து. அணிகள் சிறுத்துக்கொண்டே வந்தன. ஏஜெண்ட் போன் எடுப்பதை நிறுத்தினான். தகப்பனிடம் மட்டும் மார்க், "நல்லாப் போகுது பப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

போலந்தில் அரையிறுதி ஆட்டம் நெருங்கிய வாரம் ஊரிலிருந்து றொஷெல் போனில் அழைத்தாள்.

"பப்பாக்கு ஏலாது மார்க். கேன்சர் ஈரல் முழுக்கப் பரவிட்டு. வெளிக்கிட்டு வா."

பயிற்றுநர், அமெரிக்காவிலிருந்து அணிக்கு ஆள் பார்க்க வருகிறார்கள், ஆட்டம் முடிந்ததும் போ என்றார். மார்க்கை யாரும் கட்டிவைக்கவில்லை. அவனாகத்தான் நின்றான்.

பார்க்க யாரும் வரவில்லை. முதல் பாதியில் புள்ளி எடுத்தான். இரண்டாம் பாதியில் இரண்டு பேர் அவன் முழங்காலில் வந்து விழுந்தார்கள். அணி தோற்றது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது தகப்பன் செத்த செய்தி வந்தது. மார்க்கின் சாமான்களைப் பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டு, அறையை வேறொரு ஆட்டக்காரனுக்குக் கொடுத்திருந்தது அணிக் கழகம்.

ஊன்றுகோலோடு அவன் மட்டக்களப்புக்கு வந்து இறங்கியபோது கல்லறையில் புல் முளைத்திருந்தது.

இப்போது மஜீட்டின் கடையில் துணி அளந்து வெட்டுகிறான். மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வருவான். றொஷெல் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுப் பேசாமல் போவாள். ஒருநாள் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏசுறதெண்டா ஏசிடுக்கா."

"ஏச என்ன இரிக்கி? பப்பா உன்ன வரச்சொல்லிக் கேக்கவே இல்ல. நீ ஆட்டத்தில வெண்டியா எண்டுதான் கேட்டார். ஓம் எண்டு சொன்னன்."

"நாங்க தோத்தது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அவர் உன்ன ஓடச்சொன்னார், நீ ஓடினாய். பீ மூத்திரம் அள்ளினது நான். அதப்பத்தி அவரும் கேக்கல்ல, நீயும் கேக்கல்ல."

றொஷெல் அவனுக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.