காய்ச்சல் விட்ட பிறகு

சாணார்பட்டியைத் தாண்டி திண்டுக்கல் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் என் சட்டையும் கூட்டாளியின் கைலியும். அவன் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தான், பிழைப்பானா தெரியாது. நான் விட்டுவந்த தேங்காய் நார் ஆலையின் முதலாளி வண்டியில் கடந்து போனார். நிறுத்தவில்லை. நானும் கை காட்டவில்லை.

ஆலைக் கொட்டகையில்தான் எங்களுக்குப் படுக்கை. குளிக்கிற டிரம்மில் புழு நெளியும். விலக்கிவிட்டு மொண்டு ஊற்றிக்கொள்வோம். அவனுக்குக் காய்ச்சல் வந்து கொளுத்தியது. அது விட்ட காலையில் முதலாளிக்கு ஒரே சந்தோஷம். காய்ச்சல் விட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். அதே டிரம்மிலிருந்து ஊற்றி, ரசம் சோறும் போட்டார்கள்.

"ஏலே, தலைக்கு ஊத்தியாச்சுல்ல, தேங்கா மட்டையை அள்ளு" என்றார் முதலாளி.

மதியம் வயிறு வலிக்கிறது என்று உட்கார்ந்தான். கைகால் சில்லிட்டிருந்தது.

"குளிச்ச குளிருதான். செத்த நேரம் வெயில்ல நின்னா வேலைக்கள்ளனுக்கும் வயித்துவலி போயிரும்" என்றார் முதலாளி.

மட்டை இறக்க வந்த வேனில் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நர்ஸம்மா நாடியைத் தேடினார். சரியாக அகப்படவில்லை. "டெங்குவுல காய்ச்சல் விடுறப்பத்தான்யா ஆபத்தே. அப்பப் பாத்துக் குளிப்பாட்டி வேலைக்கு அனுப்பியிருக்கீக."

சலைன் ஏற்றியபடியே விளக்கினார். முடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் உடம்பெங்கும் இருக்கின்றன. அவற்றின் சுவர் வழியாகத்தான் சர்க்கரையும் பிராணவாயுவும் சதைக்குப் போகின்றன, சதையின் கழிவு ரத்தத்துக்குத் திரும்புகிறது. புரதம் மட்டும் பெரும்பாலும் உள்ளேயே நின்று, தண்ணீரை ரத்தத்தில் பிடித்து வைக்கும். இந்த நோயில் சுவர் இளகிப் புரதமே கசிந்துவிடும். பின்னாலேயே தண்ணீரும் போய் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கும். குழாயில் மிஞ்சுவது கெட்டி ரத்தம். சொட்டு ரத்தம் வெளியே சிந்தாமலே ஆள் போய்விடலாம்.

எட்டாவதோடு நின்றவன் நான். எனக்கே புரிந்தது. துணி எடுக்கத் திரும்பியபோது முதலாளியிடம் சொன்னேன். பட்டம் வாங்கியவர்.

"தண்ணி அம்புட்டும் உள்ளதானப்பா இருக்கு? வெளியவா போச்சு?" என்று சிரித்தார்.

அந்த ஆளுக்கு இன்னொரு வார்த்தை செலவழிப்பது தண்டம். மஞ்சள் பையோடு நடந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது கூட்டாளியின் கை சூடாகியிருந்தது. மூத்திரம் போய்விட்டான், ரத்தத்தில் தண்ணீர் நிற்க ஆரம்பித்துவிட்டது, இனிப் பயமில்லை என்றார் நர்ஸம்மா. கண் திறந்தவன் முதலில் கேட்டது இது:

"மொதலாளி கோவமா இருக்காரா அப்பு?"

இதற்காகவா இவனைத் தூக்கிச் சுமந்தேன் என்றிருந்தது. "மூடிட்டுப் படுலே" என்றேன்.

மறுநாள் காலை, கொசுப்புழு ஒழிக்க ஆள் எடுத்த ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய்ப் புழு வைத்த தண்ணீரைக் கொட்ட வேண்டும். முதல் வீட்டம்மா டிரம்மை மறித்து நின்றார்.

"நல்ல தண்ணிய்யா. கண்ணாடி கணக்கா இருக்கு பாரு."

பார்த்தேன். புழு நெளிந்தது. கவிழ்த்தேன்.