மடையை அடைத்த மரம்

பாகம் பிரித்தபோது மேல்காடு என் வீட்டுக்காரரின் அண்ணனான மூத்தாருக்கும் கீழ்க்காடு எங்களுக்கும் வந்தது. இரண்டுக்கும் ஒரே வாய்க்கால். தென்பெண்ணைத் தண்ணீர் அவர் தோட்டத்தைத் தாண்டித்தான் எங்களுக்கு இறங்கும். காவேரிப்பட்டினத்தில் எங்கு பார்த்தாலும் ரஸ்தாளி போட்ட காலம். எங்கள் வாழை குலை தள்ளும் நேரம் பார்த்து மேல்காட்டில் வாடல் நோய் விழுந்தது.

அதைப் போல ஈவிரக்கமில்லாத நோயை நான் பார்த்ததில்லை. முதலில் அடி இலை மஞ்சளாகும். பிறகு ஒவ்வொன்றாகக் காம்பு ஒடிந்து, மரத்துக்குப் பாவாடை கட்டியதுபோல் தொங்கும். பார்க்க வந்த விவசாய ஆபீசர் மருந்து கிடையாது என்று கையை விரித்துவிட்டார். "நோவு மண்ணுல இருக்குது. இந்தத் தண்ணி கீழ்க்காட்டுக்கு இறங்கக் கூடாது. இங்க பட்ட மம்முட்டிகூட அங்க போவக் கூடாது" என்றார்.

அந்தத் தோட்டத்தை விட்டால் எங்களுக்கு வேறு நாதியில்லை. அது போனால் என் வீட்டுக்காரர் கோலார் சுரங்கத்துக்குத்தான் கூலிக்குப் போக வேண்டும். என் கூடப்பிறந்தவன் அங்கே போய், நெஞ்சைப் பிடித்து இருமிக்கொண்டே திரும்பி வந்தவன். தெரிந்த சாமியிடமெல்லாம் மன்றாடினேன். ஒரு சாமியும் காது கொடுக்கவில்லை.

மூத்தார் கெட்ட மனுஷர் இல்லை. அன்றைக்கே எங்கள் பக்கத்து மடையை அடைத்துவிட்டார். நாங்கள் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்துப் பாய்ச்சினோம். மடை அடைக்க எங்கள் ஊரில் யாரும் கல்லைத் தேடுவதில்லை. வாழை மரத்தைத் துண்டு போட்டுக் குறுக்கே வைத்துச் சேறு அப்பினால் சொட்டுத் தண்ணீர் கசியாது. அவரும் கைப்பழக்கத்தில் அதைத்தான் செய்திருந்தார்.

மழை பெய்து சேறு கரைந்த பிறகு, புல் அறுக்கப் போன நான் அந்தத் துண்டுகளைப் பார்த்தேன். வெட்டுவாயில் செம்பழுப்பாகக் கோடுகள், வாடல் நோயின் அடையாளம். மேல்காட்டில் நோய் கண்டு வெட்டிய மரத்தையே கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதன் மேல் வழிந்த மழைத் தண்ணீர் எங்கள் முதல் வரிசையில் தேங்கி நின்றது. அறுத்த புல்லைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

என் வீட்டுக்காரர் துண்டுகளை இழுத்துப் போட்டுக் கொளுத்தினார். கூடை கூடையாகச் சுண்ணாம்பு கொட்டினோம். அதன்பின் விடிந்தால் இலையைப் பார்ப்பதே எங்கள் பிழைப்பானது. வெயில் நிறத்தைக்கூட மஞ்சள் என்று நினைத்துப் பதறினேன். கடைசியில் முதல் வரிசையில் ஓர் இலை நிஜமாகவே மஞ்சளானது.

செய்தி கேட்டு வந்த மூத்தார் வரப்பிலேயே நின்றார். கால் மண் ஒட்டிவிடும் என்று பயந்து, நோய் கண்ட நாளிலிருந்து எங்கள் நிலத்தில் அவர் கால் வைத்ததில்லை.

"நான்தான்டா கெடுத்தேன்" என்றார்.

"உள்ளார வாங்கண்ணா," என்றார் என் வீட்டுக்காரர். "இனி எந்த மண்ணு ஒட்டுனா என்னா."

மூத்தார் வந்து அந்த மஞ்சள் கண்ட மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரின் இரண்டு வேட்டிகளையும் துவைத்துக் காயப்போட்டேன். காய்ந்ததும், கோலாருக்குக் கொண்டுபோகும் பையில் அவரே மடித்து வைத்தார்.