கணுவைச் சீவாத வில்

மூன்றாவது வில் அக்காவின் கையில் முறிந்தபோது நான் தெருவில் நீட்டிய பட்டுப் பாவின் மறுமுனையில் நின்றிருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல இருந்தது. அடுத்த நொடி அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. அப்போதும் அவள் முதலில் சொன்னது, "பாவு மேல ஒழுகாம பாத்துக்கோடா" என்பதுதான்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு நீட்டுவோம். தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்ததைப் பிணைத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விட வேண்டும். கஞ்சி வாசனைக்குக் கோயில் பக்கமிருந்து குரங்குகள் ஓட்டின் மேலாகவே வந்துவிடும். ஒன்று குதித்தால் போதும். பக்கத்து வீட்டுப் பாவு அந்த வருஷம் அப்படித்தான் போயிற்று. அந்த அம்மா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கல்லெறிய முடியாது. குரங்கின் மேல் பட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். குறி தவறினால் கல் பாவில் விழும். அதனால்தான் வில். அம்பு விடுகிற வில் இல்லை. இரட்டை நாண் கட்டி, நடுவில் துணிப்பட்டை தைத்து, அதில் களிமண் உருண்டையை வைத்து இழுத்து விடுவது. உருண்டை குரங்கைத் தொடாமல், அதற்கு ஒரு சாண் தள்ளி ஓட்டில் பட்டு உடைய வேண்டும். எங்கள் தெருவில் அக்கா ஒருத்திக்குத்தான் அது வரும். நாணைக் கண்ணோரம் வரை இழுப்பாள். வில் செய்வது என் வேலை. எனக்கு ஆட்களோடு பேச வராது. மரத்தோடு இருப்பது சுலபமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் புருவத்துக்கு மேல் தையல் போட்டார்கள். "கொஞ்சம் கீழ எறங்கியிருந்தா கண்ணு போயிருக்கும்மா" என்றார் கம்பவுண்டர். அக்கா நெய்வது சன்னமான வேலை. சரிகை இழையைப் பிரித்தெடுக்கிற கண் போனால் அவள் தறியில் உட்கார முடியாது. வேறு வேலையும் அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: "இனிமே வில்லுன்னு ஒரு குச்சி இந்த வாசப்படி தாண்டக்கூடாது."

"அப்போ கொரங்கு தாண்டலாமாம்மா?" என்றாள் அக்கா, கட்டுக்கு அடியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து.

எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று என்னைக் கேட்டார். "இன்னாபா, வில்லு செய்றியா, அடுப்புக்கு வெறகு செய்றியா?"

அக்கா என்னை உள்ளே கூப்பிட்டாள். "அமாவாசை கழிச்சி அடுத்த பாவு. அதுக்குள்ள ஒண்ணு செய். ஆனா ஏன் ஒடையுதுன்னு தெரிஞ்சிக்கினு செய்டா. சும்மா செய்யாத."

முதல் வில் முறிந்தபோது வெயிலில் காயவைத்ததுதான் காரணம் என்று நினைத்தேன். இரண்டாவதை நிழலில் காயவைத்தேன். அதுவும் போயிற்று. இழை மெலிந்த இடத்தில்தானே அறும் என்று மூன்றாவதைத் தடிமனாக விட்டேன். மூன்றும் ஒரே புளியமரத்துக் கிளைகள். மரத்தின் மேல் பழி போட்டால் வேறு மரம் தேடிப் போயிருக்கலாம். ஆனால் வண்டிக்காரர்கள் அதே மரத்தில்தான் சாட்டைக்கு விளார் ஒடித்தார்கள். அவை வளைந்தன, முறியவில்லை.

அமாவாசையன்று நெசவுக்கு லீவு, தறிச் சத்தம் இல்லை. பின்கட்டில் மூன்று வில்களின் துண்டுகளையும் பொருத்தி வைத்துப் பார்த்தேன். மூன்றுமே வெளிப்பக்கத்தில்தான் முதலில் பிளந்திருந்தன. வளைக்கும்போது உட்பக்கம் நசுங்கும், வெளிப்பக்கம் இழுபடும். இழுபட்ட பக்கம்தான் விட்டிருக்கிறது. அதுவும் கண்ட இடத்தில் இல்லை. ஒவ்வொன்றிலும் கிளையின் கணு இருந்த இடத்தில்.

கணு அங்கே இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் அதைச் சீவி எடுத்தவன் நான். எங்கள் வீட்டில் சொரசொரப்பான மரம் என்று ஒன்று கிடையாது. பட்டு மாட்டிக்கொள்ளும். தறிமரம் ஆகட்டும், ஊடிழையை ஓட்டுகிற நாடா ஆகட்டும், கண்ணாடித் துண்டால் சுரண்டி, கன்னத்தில் உரசிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவோம். வில்லையும் அப்படியே வழவழப்பாக்கினேன். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் வழவழப்பு.

துண்டை வெளிச்சத்தில் திருப்பினேன். மரத்தின் நார் கணுவை நெருங்கும்போது ஒதுங்கி, மேலெழும்பி, சுற்றிக்கொண்டு போகிறது. அந்த மேட்டைச் சமமாகச் சீவினால் நார் அங்கே அறுந்துபோகிறது. பார்க்க முழு மரம். உள்ளே பாதி இழை அறுந்த பாவு. மிச்சம் உள்ள நார் எவ்வளவு இழுப்பைத்தான் தாங்கும்?

அதே மரத்துப் புதுக் கிளையில் வெளிப்பக்கம் பட்டையை மட்டும் உரித்தேன். அதற்குமேல் கத்தி வைக்கவில்லை. சீவியதெல்லாம் உட்பக்கம்தான். கணு மேடாகவே நின்றது. வில் பார்க்கவே அசிங்கமாக இருந்தது. பலமுறை கை தானாகக் கண்ணாடித் துண்டை எடுத்தது, திரும்ப வைத்தேன்.

காய்ந்த பிறகு பின்கட்டில் அதை முதலில் இழுத்தது நான்தான். நாண் என் கண்ணோரம் வந்தபோது மரம் மெல்ல முனகியது. கணுவின் மேல் வைத்த பார்வையை எடுக்கவில்லை. விட்டேன். மறுபடி இழுத்தேன். கை ஓயும்வரை இழுத்தேன். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. என் இழுப்பு வேறு, அவள் இழுப்பு வேறு.

பாவு நீட்டிய காலையில் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரிய குரங்கு ஒன்று எதிர்வீட்டு ஓட்டில் வந்து உட்கார்ந்து கீழே பார்த்தது. அக்கா உருண்டையை வைத்தாள். தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. நான் அவளுக்கும் வில்லுக்கும் பக்கத்தில் போய் நின்றேன்.

"தள்ளி நில்லுடா."

"இருக்கட்டும்க்கா."

"ஒடைஞ்சா ரெண்டு பேருக்கும் கண்ணு போகும்."

நான் நகரவில்லை. அவள் இழுத்தாள். மரம் முனகியது. குரங்கு முன்னங்கால்களை ஊன்றியது. அவள் இன்னும் இழுத்தாள், நாண் தழும்பைத் தொடும் வரை. எதிர்வீட்டுக்காரர் கஞ்சிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார். நான் அவள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இமைக்கவில்லை.

ஓட்டில் உருண்டை உடைந்த சத்தம் கேட்டது. குரங்கு புழுதியைப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் திரும்பி, வந்த வழியே போயிற்று.

அக்கா வில்லைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் அந்தக் கணுவைத் தடவினாள்.

"இதுல பட்டு மாட்டும்டா" என்றாள். "தறிகிட்ட வெக்காத. வெளியே ஆணி அடிச்சி தொங்கவுடு."